மூன்று அணா வரம்பு

1934 ஜனவரி 15 அன்று பிற்பகலில் பீகாரில் நிலம் நடுங்கியது. முங்கேர், முசாபர்பூர் போன்ற ஊர்கள் இடிபாடாயின. ராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் இயங்கிய நிவாரணக் குழுவுக்குக் கணக்குப் பார்க்கப் போனவர், தஞ்சாவூரில் பிறந்து லண்டனில் தணிக்கை படித்த ஜே.சி. குமரப்பா. தொண்டர் ஒருவரின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரம்பு கட்டினார். காந்தியும் உடன் வந்தவர்களும் வந்து சேர்ந்தபோது, அவர்களுடைய செலவு இந்த வரம்புக்குள் அடங்காது, நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று காந்தியின் செயலர் மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தி காரணம் கேட்டார், கேட்டபின் ஏற்றுக்கொண்டார்.

கறாரான கணக்கரின் கதையாக இதைச் சொல்லிச் சிரிப்பதுண்டு. உதவப் போகிறவனும் ஒரு வயிற்றோடுதான் போகிறான் என்பதைக் குமரப்பா மறக்கவில்லை, அவ்வளவே.

பேரிடர்ப் பணிக்கு ஓராண்டை ஒதுக்கிப் புறப்படுகிற இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். பையில் என்ன வைப்பது என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் உண்டு: தடுப்பூசி, டார்ச், மழைக்கோட்டு, வெள்ளநீரில் இறங்குவதானால் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை. இதெல்லாம் ஒரு மாலையில் முடிகிற வேலை. வீடுதான் கடினம்.

அப்பாவின் ஓய்வூதியத்தை யார் எடுத்து வருவார்? அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை யார் வாங்குவார்? தம்பியின் கல்லூரிக் கட்டணம், நண்பரிடம் வாங்கிய கைமாற்று, மாதச் சீட்டு, காப்பீட்டுத் தவணை? ‘வீட்டில் பார்த்துக்கொள்வார்கள்’ என்று கிளம்புகிறவருடைய தொண்டுக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். பெரும்பாலும் அக்கா, இல்லையென்றால் மனைவி. அவரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகு நாள் குறிப்பதே முறை. முடிவெடுத்துவிட்டு வந்து சொல்வதற்குக் கேட்பது என்று பெயரில்லை. கைமாற்றை அடைத்துவிட்டே போகவேண்டும். கடன் கொடுத்தவர் நம் தொண்டுக்கு வட்டியில்லாமல் நிதி தர ஒப்புக்கொள்ளவில்லையே!

ஓராண்டு எதற்கு, பத்து நாள் போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாகப்பட்டினத்தைப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முதல் வாரங்களில் உதவிக்குக் குறைவில்லை. லாரி லாரியாக வந்த பழைய துணிகள் தொடுவாரின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன. அனுப்பியவர்களின் இரக்கம் பொய்யில்லை. வாங்குபவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கூட்டம் கலைந்தபின் மிஞ்சிய வேலை வேறு மாதிரியானது. தார் அட்டையால் கட்டிய தற்காலிகக் குடியிருப்புகளில் கோடைப் பகலில் உள்ளே இருக்க முடியவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தொலைந்த குடும்ப அட்டை என ஒவ்வொன்றுக்கும் மனு, ஒவ்வொன்றுக்கும் அலைச்சல். உடைந்த படகு கண்ணுக்குத் தெரிந்தது. உப்பேறிய வயலில் கூலி வேலை போன தலித் குடும்பங்களின் இழப்போ பட்டியலில் எளிதாக ஏறவில்லை. அதைக் கண்டறிய ஊரிலேயே தங்கி, மீனவப் பஞ்சாயத்தாரோடும் பேசி, சேரிக்கும் நடந்து போகிற ஆள் வேண்டும். பத்து நாளில் ஊர் ஒருவரை விருந்தாளியாகத்தான் வைத்திருக்கும். வீடிழந்தவர்கள்கூட வந்தவருக்குத் தேநீர் போட்டுத் தருவார்கள்.

ஆகவே போகுமுன் கற்க வேண்டியவை வீரச் செயல்கள் அல்ல. மனு எழுதத் தெரியவேண்டும். கிராம நிர்வாக அலுவலகத்தில் எது கிடைக்கும், வட்டாட்சியர் அலுவலகத்தில் எது கிடைக்கும் என்று தெரியவேண்டும். தன் சோற்றைத் தானே பொங்கிக்கொள்ளவும், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது குறுக்கே பேசாமல் உட்காரவும் பழகவேண்டும். (கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு.) வீட்டில் பாட்டியின் பழங்கதையைப் பொறுமையாகக் கேட்காதவருக்கு அங்கே போனதும் இது வந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எல்லாம் சீர்செய்தும், அப்பா படுக்கையில் இருக்கிறார், இந்த ஆண்டு வேண்டாம் என்று அக்கா சொல்லலாம். அப்படியானால் இருந்துவிடலாம், அடுத்த ஆண்டு போகலாம். நாகையில் நிரந்தர வீடுகளைக் கட்டி முடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. தாமதமாக வந்து சேர்ந்தவர்களுக்கும் அங்கே வேலை இருந்தது.