இறுதி நாள் மூட்டை

 

இல்லறத்தார்க்கு வகுக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. இவ்விரதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நிலம், மனை, பொன், தானியம் ஆகியவற்றையே நாம் நினைக்கின்றோம். கைக்குள் அடங்கும் ஒரு சாவி வளையத்தை எவரும் நினைப்பதில்லை. ஆயினும், அயல்நாட்டுப் பயணத்தின் கடைசி நாளில், கடைத்தெருவில், அத்தகைய சிறு பொருள்களைக் கொண்டே இவ்விரதம் சோதிக்கப்படுகின்றது. அச்சோதனையில் நாம் தோற்ற வரலாற்றையே இங்குக் கூறப்போகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் உறவினர் இல்லத்தில் பத்து நாள் தங்கியிருந்தோம். அந்நகரில் வாழும் சமண அன்பர்கள் தமக்கெனச் சங்கமும் வழிபாட்டிடமும் அமைத்துள்ளனர். கடைசி நாள் காலையில் அங்குச் சென்று வழிபடுவதென்றும், மாலையில் பொழுது சாயுமுன் உணவருந்திச் சாமாயிகத்தில் அமர்வதென்றும் உறுதி செய்திருந்தோம். காலைச் சிற்றுண்டியின்போது ஒருவர், “ஊருக்கு என்னென்ன வாங்கினீர்கள்?” என்று இயல்பாகக் கேட்டார். அவ்வளவுதான். நம் உள்ளத்தில் ஓர் அச்சம் புகுந்தது. “வெளிநாடு போய் வெறுங்கையோடு வந்தாள்” என்னும் சொல் காதில் ஒலிக்கத் தொடங்கியது. உடனே தாள் எடுத்துப் பெயர்களை எழுதினோம். நான்கு பெயர்களில் தொடங்கிய பட்டியல் இருபத்திரண்டில் நின்றது.

வழிபாட்டைப் பிற்பகலுக்குத் தள்ளிவைத்துச் செராங்கூன் சாலைக்கும், பின்னர் சைனாடவுனில் உள்ள பகோடா தெருவுக்கும் சென்றோம். எங்கு நோக்கினும் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் உருவம் பொறித்த பொருள்கள். 1964இல் சுற்றுலாத் துறைக்கென வரையப்பட்டு, 1972இல் ஆற்றின் முகத்துவாரத்தில் சிலையாக எழுந்த உருவம் அது. சிங்கம் வர்த்தமானரின் இலாஞ்சனம். மீன் அரநாதரின் இலாஞ்சனம். இரு தீர்த்தங்கரர்களை ஒருங்கே நினைவூட்டிய அவ்வுருவத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “டஜன் என்ன விலை?” என்று கேட்டோமேயன்றி, கைகூப்ப நினைத்தோமில்லை.

வண்ண இனிப்புகள் வாங்கினோம். உறை மீதிருந்த எழுத்துகளைப் படிக்கவில்லை. ஜெலட்டின் என்பது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது என்பதையும், இ 120 என்னும் குறியீடு ஒருவகைப் பூச்சிகளை நசுக்கி எடுக்கும் சிவப்புச் சாயத்தைக் குறிப்பது என்பதையும் நாம் அறியாதவர் அல்லோம். மாணவியர்க்குப் பலமுறை எடுத்துக் கூறியவர்களே. பட்டுத் துணி வாங்கினோம். கூட்டுக்குள் உறங்கும் புழுவைக் கொதிநீரில் இட்டன்றோ அந்நூலை எடுக்கின்றனர்! அறியாமையால் செய்த பிழை வேறு. அவசரத்தால் அறிவை ஒதுக்கி வைத்துச் செய்த பிழை வேறு. நம்முடையது இரண்டாவது.

நிலநடுக்கோட்டை ஒட்டியுள்ள அந்நாட்டில் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியளவில் கதிரவன் மறைகின்றான். ஏழு மணிக்கு நாம் பணம் செலுத்தும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். வழிபாடும் இல்லை, பொழுதோடு உணவும் இல்லை, சாமாயிகமும் இல்லை. இரவு பெட்டியை நிறுத்துப் பார்த்தபோது எடை மிகுந்திருந்தது. எதை எடுத்து வைத்தோம் தெரியுமா? நாள்தோறும் ஓதக் கொண்டு சென்ற நூல்களை!

ஊர் திரும்பியபின் நம் அண்ணியாருக்குச் சிறு பணப்பை ஒன்றைக் கொடுத்தோம். எண்பது வயதைக் கடந்தவர். நாற்பது ஆண்டுகளாகத் தோற்பொருளைத் தொடாத நோன்புடையவர். மகிழ்வோடு பெற்றுக்கொண்டார். சில நாள் கழித்து, ஜினாலயத்தில் அப்பையைத் திறந்து காணிக்கைக் காசுகளை எடுத்ததைக் கண்டோம். அருகில் நின்ற பேரன் பையின் உட்புறத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்து, “இது அசல் தோல் அல்லவா?” என்று நம் காதருகே கேட்டான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. கூறினால் அவர் நெஞ்சம் புண்படும். கூறாதிருந்தால் வாய்மை கெடும். அவரது நோன்பும் நம்மால் நாள்தோறும் பழுதுபடும். விடிந்ததும் சென்று உள்ளதைக் கூறி மன்னிப்பு வேண்டினோம். அண்ணியார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்தப் பையை எறிந்துவிட்டால் போன உயிர் வந்துவிடுமா? உட்கார் அம்மா, இருவரும் சேர்ந்து பிரதிக்கிரமணம் செய்வோம்” என்றார். செய்து முடித்தபின் ஒன்று கூறினார்: “நீ வந்த அன்று மூட்டையைப் பிரிப்பதிலேயே பொழுது போய்விட்டது. அங்கு என்ன பார்த்தாய், யாரைக் கண்டாய் என்று கேட்கக் காத்திருந்தேன். கேட்கவே முடியவில்லை.”

அன்பர்களே! பொருளை அல்ல, பொருளின்பால் கொள்ளும் மயக்கத்தையே பற்று என்று தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாமிகள் விளக்குகின்றார். நமக்கென ஒன்றும் வாங்காதபோதும் நாம் பற்றில் வீழ்ந்தோம். ஏனெனில் நாம் விரும்பியது பொருளை அன்று. பிறர் வாயில் நம் பெயரை. உணவு, மருந்து, நூல், அடைக்கலம் என நான்கு வகைத் தானங்களை ஆன்றோர் வகுத்தனர். பெறுவோரின் தேவையை நோக்கி அளிக்கப்படுவன அவை. பழிச்சொல்லுக்கு அஞ்சிக் கொடுப்பது தானம் ஆகாது. அன்பினால் கொடுப்பதை நாம் குறைகூறவில்லை. ஆனால் அன்புக்குப் பெறுவோரின் நோன்பும் நினைவிருக்கும். அச்சத்திற்குப் பட்டியல் மட்டுமே நினைவிருக்கும்.

ஆதலின் பயணம் புறப்படுவோர்க்குச் சில வேண்டுகோள்கள். புறப்படும் முன்னரே, இத்தனை பேருக்கு, இத்தனை பொருள், இவ்வளவு பணம் என அளவு செய்துகொள்ளுங்கள். துய்க்கும் பொருள்களுக்கு அளவு வகுக்கும் நோன்பை இல்லறத்தார்க்கு ஆன்றோர் விதித்தது இதற்காகவே. வாங்குவனவற்றைப் பயணத்தின் நடுவிலேயே, உறை எழுத்துகளைப் படித்து நிதானமாக வாங்குங்கள். தோல், பட்டு, தந்தம், பவளம், விலங்கு மயிரால் ஆன தூரிகை என்பவற்றை விலக்குங்கள். தேவையின்றிச் செய்யும் தீங்கினை அனர்த்த தண்டம் என்பர். நினைவுப் பொருளுக்காக ஓர் உயிர் மாய்வதைவிட அதற்கு வேறு சான்று வேண்டுமோ? கடைசி நாளைக் கடைத்தெருவுக்குக் கொடாதீர்கள். உணவிட்டோரிடமும் உடன் வந்தோரிடமும் அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளுக்குப் பொறை வேண்டி விடைபெறுவதற்கு அந்நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பிறவிப் பயணத்திற்கும் ஓர் இறுதி நாள் உண்டு. அன்று மூட்டை கட்ட இடமில்லை. இறக்கி வைப்பதற்கே இடமுண்டு. சிறு பயணங்களில் இறக்கி வைக்கப் பழகாதவர் அன்று திடீரெனப் பழகிவிட இயலாது.

அண்ணியார் இன்று நம்மிடையே இல்லை. அதன்பின் ஒருமுறை பயணம் சென்று திரும்பியபோது, வெறுங்கையோடு அவர் திண்ணையில் அமர்ந்து மாலைவரை பேசிக்கொண்டிருந்தோம். அவர் மனமாரப் பெற்றுக்கொண்டது அதுவே.

அறம் வளர்க! அருகன் அடிமலர் வாழ்க!