மூன்று நிமிடப் பிரசங்கம்

அட்லாண்டாவில் லான்ஸ் லெட்பெட்டர் தொடங்கிய சிறு இசைத்தட்டு நிறுவனம் 'டஸ்ட்-டு-டிஜிட்டல்'. 2003இல் வந்த அதன் முதல் வெளியீடு 'குட்பை, பாபிலோன்': ஆறு குறுந்தகடுகள், ஐந்தில் பழைய பக்திப்பாடல்கள், ஆறாவது முழுக்கப் பிரசங்கம். மரப்பெட்டியைத் திறந்தால் உள்ளே பருத்திப் பஞ்சு!

இது வழிபாடா, சரக்கா?

அதே ஊர்ப் போதகர் ஜே. எம். கேட்ஸ் 1926லேயே பிரசங்கங்களை இசைத்தட்டில் பதிவுசெய்து இந்தச் சிக்கலுக்குள் நுழைந்துவிட்டார். அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கம் சுமார் மூன்று நிமிடம்தான்; நரகமும் மீட்பும் அதற்குள் அடங்க வேண்டும். சபையார் சிலர் ஒலிப்பதிவுக்குக் கூடவே வந்து குரல் கொடுத்தார்கள். நடிப்பு என்று தள்ளுவது சுலபம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் எப்போது 'ஆமென்' சொல்வதென்று எல்லோருக்கும் தெரியும்தானே? பழகிப்போன பதில் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. வாங்குபவர் நாத்திகராக இருந்தாலும் கேட்ஸ் அவரையும் விடாமல் எச்சரிக்கிறார்.