உடைந்த காலும் சிவப்பு அட்டையும்

2019 நவம்பர் 3, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானம். எவர்டனின் ஆந்த்ரே கோம்ஸ் பந்தோடு ஓடுகிறார். டாட்டன்ஹாமின் சோன் ஹியூங்-மின் பின்னாலிருந்து சறுக்கி டேக்கிள் செய்கிறார். நிலைதடுமாறிய கோம்ஸ், செர்ஜ் ஓரியே மீது மோதி விழுகிறார். கணுக்கால் உடைந்து திரும்பிக் கிடக்கிறது. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் முதலில் எடுத்தது மஞ்சள் அட்டை. கோம்ஸின் காயம் தெரிந்த பிறகு அது சிவப்பானது. சோன் அழுதபடி வெளியேறினார்.

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில் சோன் புதிதாக என்ன செய்தார்? ஒன்றுமே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடந்திருக்கிறது. 2010 உலகக் கோப்பை இறுதிப் போட்டி, ஜோஹன்னஸ்பர்க். நெதர்லாந்தின் நைஜல் டி யோங், பூட்ஸ் ஆணிகள் தெரிய, ஸ்பெயினின் ஷாபி அலோன்சோ நெஞ்சில் உதைத்தார். ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள். தன் பார்வை மறைந்திருந்தது, அது சிவப்புதான் என்று பின்னால் அவரே சொன்னார். அலோன்சோ எழுந்து ஆடினார்.

கால்பந்து விதி 12 என்ன சொல்கிறது? கவனக்குறைவு என்றால் ஃபவுல் மட்டும். எதிராளிக்கு என்ன ஆகும் என்று பாராமல் பாய்ந்தால் மஞ்சள். அளவு மீறிய பலம், அல்லது எதிராளியின் பாதுகாப்புக்கே ஆபத்து என்றால் சிவப்பு. கால் உடைந்ததா என்ற கேள்வியே அதில் இல்லை. ஆபத்து என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய சொல் அல்ல, நடக்கக்கூடியதைப் பற்றியது.

ஆனால் நம் மனசு அப்படி வேலை செய்வதில்லை. டெஸ்ட் பண்ணாத கோடை வெள்ளிக்கிழமை மாலை புரொடக்‌ஷனுக்குத் தள்ளும் இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடையது ஓடிவிடும்; 'செம ஸ்பீடுப்பா' என்று பாராட்டு. இன்னொருவருடையது சர்வரைப் படுக்க வைக்கும். அவருக்கு மீட்டிங், விளக்கக் கடிதம். செய்தது என்னவோ ஒரே காரியம்தான்.

விளைவும் ஒரு சாட்சிதானே, கால் உடைகிற அளவுக்கு அடி பலமாகத்தானே இருந்திருக்கும் என்று நீங்கள் கேட்கலாம். சில சமயம் உண்மை. ஆனால் கோம்ஸ் விழுந்த விதத்தில் ஓரியேவின் மீதான மோதலும் சேர்ந்திருக்கிறது. அந்தக் காயம் சோனின் டேக்கிளை அளக்கும் அளவுகோல் ஆகாது. என் கணக்கில் அது மஞ்சள்தான். டி யோங் செய்தது, அலோன்சோவுக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும், சிவப்பு.

அப்படியென்றால் விளைவுக்கு மதிப்பே இல்லையா? இங்கேதான் பெர்னார்ட் வில்லியம்ஸ் உதவுகிறார். தன் தவறே இல்லாமல் ஒரு குழந்தையின் மீது லாரி ஏற்றிவிட்ட ஓட்டுநரை அவர் 1976-இல் உதாரணம் காட்டினார். அவர் மேல் குற்றமில்லை என்று நாம் ஆறுதல் சொல்வோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவரே உடனே தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டால் நமக்கு என்னவோ போலிருக்கும். தண்டனை வேறு, நம் கையால் நடந்துவிட்ட ஒன்றைச் சுமப்பது வேறு.

நவம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அந்தச் சிவப்பு அட்டையை ரத்து செய்தது. மறுநாள் பெல்கிரேடில் சோன் கோல் அடித்தார். கொண்டாடவில்லை. கேமராவைப் பார்த்துக் கைகூப்பினார். அட்டை போய்விட்டதே, இனி எதற்கு மன்னிப்பு என்று யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள். சங்கத்தின் முடிவும் சரி, அந்தக் கூப்பிய கையும் சரி.