மூச்சு சொல்லும் செய்தி

ஊசி குத்தாமலும் குருதி எடுக்காமலும் உடல்நலத்தை அறிய இயலுமா? மூச்சைக் கொண்டு அறிதல் மருத்துவர்க்குப் பழைய வழக்கமே. நீரிழிவு கட்டுமீறியோர் சிலரது மூச்சில் அசிட்டோன் மணம் எழும். வேதியியல் அறிஞர் லைனஸ் பாலிங், 1971ஆம் ஆண்டில் மனித மூச்சில் ஏறத்தாழ 250 பொருள்கள் கலந்திருத்தலைக் கண்டறிந்தார்.

2016ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சிறு காகிதத் துண்டில் கிராஃபைட் மையால் மின்முனைகளை அச்சிட்டு முகக்கவசத்தினுள் வைத்தனர். வெளிவிடும் மூச்சின் ஈரத்தைக் காகிதம் ஏற்கும்பொழுது மின்னோட்டம் மிகும். உள்ளிழுக்கும்பொழுது காகிதம் உலர, அது குறையும். இவ்வேற்ற இறக்கமே மூச்சின் கணக்காகிறது.

உடலுக்கு ஊறில்லை, பயன் தீர்ந்த காகிதமும் மண்ணில் மட்கும். எனில், இதனை ஊறு செய்யாக் கருவி என்று கூறிவிடலாமா?

காகிதம் மட்கினும், அதனோடு இணைந்த மின்கலம் மட்குவதில்லை. அதனையேனும் கண்ணால் காணலாம். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றும் எஞ்சுகிறது. அது மூச்சு ஈந்த செய்தி.

நாம் ஆசிரியப் பணியிலிருந்த காலத்தில், மாணவி ஒருத்திக்கு இழுப்பு நோய் இருத்தலை அவளது மூச்சொலியாலேயே அறிந்தோம். அவள் அன்னையிடம் தனியே உரைத்தோம், மருத்துவம் நடந்தது. பின்னொருநாள் உடனிருந்த ஆசிரியையிடம் அதனைக் கூறியபொழுது, பிள்ளைகள் செவியிலும் விழுந்துவிட்டது. மறுநாள் முதல் அவளை எவரும் விளையாட்டிற்கு அழைக்கவில்லை. நம் கை அவள்மீது படவில்லை. எனினும் அவளுக்கு ஊறு செய்தவர் நாமே. அவள் வகுப்பறை வாயிலில் தனியே நின்ற காட்சி இன்றும் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

கருவியை வெறுத்தல் நம் கருத்தன்று. மூச்சுத் திணறும் குழந்தைக்கும் முதியோர்க்கும் வலியின்றி நோயறிதல் நன்றே. ஆயினும் தேவைக்கு மேற்பட்ட பொருளைச் சேர்த்தல் குற்றமெனின், தேவைக்கு மேற்பட்ட பிறர் செய்தியைச் சேர்த்து வைத்தலும் குற்றமேயாம். மருத்துவர்க்கு வேண்டியது மருத்துவரிடம் செல்லட்டும். முதலாளியிடமோ வணிகரிடமோ அதற்கு என்ன வேலை?

அன்பர்களே! இல்லத்தில் இத்தகைய கருவி நுழையும் நாளில், இது எங்கே மட்கும் என வினவுவோம். உடன், இது யாரிடம் பேசும் எனவும் வினவுவோம். காகிதத்தைப் போன்றே, பயன் தீர்ந்த செய்தியும் மட்கிப் போதல் வேண்டும்.