வாசலைத் திறப்பவர் யார்?

ஆலயத்தின் முகப்பில் ‘யாவரும் வருக’ என்று எழுதி வைப்பது எளிது. திருவிழாக் காலத்தில் அச்சொற்களைச் சுற்றி வண்ண விளக்குகளையும் ஒளிரச் செய்கிறோம். ஆனால், நள்ளிரவில் யாரோ ஒருவர் வந்து அந்த ஆலயத்தின் கதவைத் தட்டினால் எழுந்து வந்து பார்ப்பவர் யார்? பெரும்பாலும் கோவில்பிள்ளைதான். உள்ளே விடலாமா, கூடாதா என்று அந்த வேளையில் முடிவு செய்ய வேண்டியவரும் அவரே. விட்டால், “யாரைக் கேட்டு விட்டாய்?” என்போம். விடாவிட்டால், “இரக்கமற்றவன்” என்போம். முகப்பில் எழுதியவர்கள் நாம்; அதற்கு விலை கொடுப்பவரோ நம்மிடையே மிகக் குறைந்த ஊதியம் பெறுகிறவர்.

‘வருக’ என்று ஒரு சபை சொல்லும்போது அது யாருடைய குரல்? குருவின் குரலா? பணியாளரின் குரலா? அல்லது அங்கே கூடி வழிபடும் மக்கள் அனைவரின் குரலா? யாருடைய குரலும் அன்று என்றால், அந்த வரவேற்பு வெறும் அலங்காரமே அன்றோ? இக்கேள்வியைச் சிந்திக்க, நம் பிரிந்த சகோதரரின் சபை ஒன்றினுடைய வரலாறு நமக்கு உதவும். பிறர் வீட்டு விளக்கின் ஒளியில் நம் வீட்டு மூலைகளைப் பார்ப்பதில் தாழ்வு ஏதுமில்லை.

‘பிரஸ்பிட்டேரியன்’ என்னும் பெயர், ‘மூப்பர்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. 1541ஆம் ஆண்டில் ஜெனீவா நகருக்குத் திருச்சபை ஒழுங்குகளை வகுத்த கால்வின், போதகர், ஆசிரியர், மூப்பர், உதவியாளர் எனப் பணிகளை நான்காகப் பகுத்தார். 1560இல் ஸ்காத்லாந்து நாடு சீர்திருத்த மரபைத் தழுவியபோது ஜான் நாக்ஸ் இவ்வழியை அங்கே கொண்டு சென்றார். பின்னர் அங்கிருந்து குடியேறியவர்கள் அதை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர். இந்த அமைப்பில் மூப்பர்கள் ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட அலுவலர்கள் அல்லர். தச்சராகவோ ஆசிரியையாகவோ கடைக்காரராகவோ வாழ்கின்ற மக்களுள் சிலரைச் சபையாரே தேர்ந்தெடுக்கின்றனர். அவர்கள் மேல் கைகளை வைத்து மன்றாடி அப்பணிக்கென ஒதுக்குகின்றனர். போதகரைக்கூடச் சபையாரே வாக்களித்து அழைக்கின்றனர். வட்டாரப் பேரவை அதற்கு இசைவு தருகிறது. மூப்பர் குழுவுக்குப் போதகர் தலைமை தாங்குவார். ஆனால் தனித்து ஆணையிடமாட்டார். நோயாளர், ஏழைகள், துயருற்றோர் ஆகியோரைப் பேணுவது உதவியாளரின் பொறுப்பு.

குருத்துவம் பற்றியும் அருளடையாளங்கள் பற்றியும் அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள வேறுபாடுகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. நாம் இங்கு எண்ணிப் பார்ப்பது ஒன்றே: வாசலைத் திறக்கும் முடிவை எல்லாரும் சேர்ந்து எடுக்கும்போது என்ன நிகழ்கிறது?

அரிசோனா மாநிலத்தில் டூசான் என்னும் நகர் உள்ளது. மெக்சிகோ எல்லையிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு. அங்கே வாழ்ந்த தொஹோனோ ஓதாம் என்னும் பூர்வகுடி மக்களுக்காக 1906ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது சவுத்சைடு பிரஸ்பிட்டேரியன் சபை. செல்வர்கள் கூடும் பேராலயமன்று அது. ஏழைகள் வாழும் பகுதியில் நின்ற எளிய ஆலயம். 1980களின் தொடக்கத்தில் அதன் போதகராக இருந்தவர் ஜான் ஃபைஃப்.

1980ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், எல் சால்வதோர் நாட்டிலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டத்தினர் அரிசோனாப் பாலைவனத்தில் வழிகாட்டிகளால் கைவிடப்பட்டனர். அவர்களுள் 13 பேர் கடும் வெயிலில் மாண்டனர். பிழைத்தவர்கள் டூசானுக்குக் கொண்டு வரப்பட்டபோது, அவர்களுடைய கதையைக் கேட்டவர்கள் அங்கிருந்த சபை மக்கள். அந்த நாட்டில் கொலைக் குழுக்கள் உலவிய காலம் அது. அதே ஆண்டு மார்ச் 24ஆம் நாள் சான் சால்வதோர் பேராயர் ஆஸ்கர் ரோமெரோ திருப்பலி நிறைவேற்றும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 2018இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட அவரை நாம் அறிவோம். அவருடைய மந்தையின் ஆடுகளே பாலைவனம் கடந்து ஓடி வந்தன. ஆனால் அந்நாட்டு அரசுக்குத் துணை நின்ற அமெரிக்க அரசு அவர்களை அகதிகளாக ஏற்க மறுத்தது. 1984இல்கூட அவர்களுடைய புகலிட விண்ணப்பங்களில் 3 விழுக்காட்டுக்கும் குறைவானவையே ஏற்கப்பட்டன. மற்றவர்களுக்கு எஞ்சியிருந்தது திருப்பி அனுப்பப்படும் அபாயமே.

1981இல், குவேக்கர் சபையைச் சேர்ந்த ஜிம் கார்பெட் என்பவர் ஃபைஃபிடம் வந்து, அகதிகளை ஆலயத்துக்குள் தங்கவைக்க இயலுமா என்று கேட்டார். ஆலயத்தின் திறவுகோல் போதகரிடம் இருந்தது. இரக்கமும் அவரிடம் இருந்தது. அன்றிரவே கதவைத் திறந்திருந்தால் நாம் அவரை வீரர் என்று போற்றியிருப்போம். ஆனால் அவர் மூப்பர்களிடம் சென்றார். அவர்கள் இசைந்தார்கள். பின்னர், இரகசியமாகச் செய்து வந்ததை வெளிப்படையாக அறிவிப்பதா என்னும் கேள்வி எழுந்தபோது சபை முழுவதும் கூடிப் பேசியது. மறைவு வாக்கெடுப்பு நடத்தியது. மிகப் பெரும்பான்மையோர் ‘ஆம்’ என்றனர்.

ஏன் கேட்க வேண்டும்? பசித்தவன் வாசலில் நிற்கும்போது கூட்டம் போட்டுப் பேசுவது இரக்கத்துக்கு இழுக்கு அன்றோ? இந்த ஐயம் நியாயமானதே. ஆனால், அன்றைய சட்டப்படி ஒவ்வோர் அகதிக்காகவும் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். அந்த விலையைப் போதகர் மட்டும் கொடுக்கப் போவதில்லை. உணவு சமைப்பவர், துணி கொடுப்பவர், வண்டி ஓட்டுபவர், அலுவலகத்தில் தொலைபேசியை எடுப்பவர் ஆகிய அனைவரும் கொடுக்க வேண்டியிருக்கும். பிறருடைய பையிலிருந்து எடுத்துத் தருமம் செய்பவனை நாம் கொடையாளி என்று சொல்வதில்லை. பிறருடைய துணிவை அவர்களைக் கேளாமலேயே செலவு செய்பவனும் அப்படித்தான். மறைவு வாக்கு என்பதிலும் ஒரு பொருள் உண்டு. போதகரின் முகத்துக்காகவும் அடுத்தவரின் கண்ணுக்காகவும் எவரும் வாக்களிக்கலாகாது. ஒவ்வொருவரும் தம் மனச்சான்றோடு தனித்திருந்து எழுத வேண்டும்.

1982ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள், பேராயர் ரோமெரோவின் இரண்டாம் நினைவு நாளில், அச்சபை தன்னைப் புகலிடமாக அறிவித்தது. தாங்கள் செய்யப்போவதை விளக்கி அரசின் தலைமை வழக்கறிஞருக்கும் கடிதம் எழுதியது. நாடெங்கும் பல சபைகளும், நம் கத்தோலிக்கப் பங்குகளும் துறவற இல்லங்களும், யூதத் தொழுகைக்கூடங்களும் இவ்வழியைப் பின்பற்றின.

விலையும் வந்தது. அரசு தன் உளவாளிகளை அனுப்பியது. அவர்கள் ஒலிப்பதிவுக் கருவிகளை உடைக்குள் மறைத்துக்கொண்டு விவிலிய வகுப்புகளில் அமர்ந்தார்கள். சபையார் கொடுத்த உணவை உண்டார்கள். யாவரையும் வரவேற்பேன் என்ற சபை, தன்னைக் காட்டிக் கொடுக்க வந்தவனையும் வரவேற்றுவிட்டது. இறுதி இராவுணவின் பந்தியில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்பதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. 1986ஆம் ஆண்டு மே மாதம், விசாரிக்கப்பட்ட 11 பேருள் 8 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று. ஃபைஃபோடு அந்தப் பட்டியலில் கத்தோலிக்கக் குருக்கள் இருவரும் அருட்சகோதரி ஒருவரும் இருந்தனர். சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பில் அவர்களை விட்டார் நீதிபதி. சபை சிதறவில்லை. போதகர் தனியே செய்ததாக இருந்திருந்தால், “அவர் எங்களை மாட்டிவிட்டார்” என்று சொல்ல அங்கே பலர் இருந்திருப்பர். தாமே எழுதிய வாக்கை எவரும் பிறர் மேல் சுமத்த இயலாது. 1991இல் ஒரு வழக்கின் உடன்பாட்டால், எல் சால்வதோர், குவாத்தமாலா நாட்டினர் பலருடைய விண்ணப்பங்களை மீண்டும் ஆராய அரசு இசைந்தது. 1992இல் ஃபைஃப் தம் திருச்சபையின் பொதுப்பேரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இதுவரை சொன்னது அழகாகவே இருக்கிறது. ஆனால் இதே மூப்பர் முறை வேறோர் ஊரில் செய்ததையும் சொல்லாவிட்டால் நாம் நேர்மையற்றவராவோம்.

தென்னெசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் இரண்டாம் பிரஸ்பிட்டேரியன் ஆலயம் என்னும் பெரிய ஆலயம் உண்டு. 1964ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், குருத்து ஞாயிறன்று, கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் சேர்ந்து அங்கு வழிபட வந்தனர். வாசலில் அவர்களைத் தடுத்து நிறுத்தியவர்கள் அந்தச் சபையின் பொறுப்பாளர்களே. மாணவர்கள் வெளியே நின்று மன்றாடினார்கள். ஞாயிறுதோறும் மீண்டும் மீண்டும் வந்தார்கள். அச்சபை சேர்ந்திருந்த திருச்சபையின் பொதுப்பேரவை, கட்டாய இன ஒதுக்கல் கிறிஸ்தவ நெறிக்கு ஒவ்வாதது என்று 1954ஆம் ஆண்டிலேயே அறிவித்திருந்தது. மேலிருந்து வந்த அந்தச் சொல் பத்தாண்டுகள் கழிந்தும் அந்த வாசற்படியைக் கடக்கவில்லை. கீழிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூப்பர்களே வாசலை அடைத்து நின்றனர்.

ஆகவே, வாக்கெடுப்பு ஒரு சபையைப் புனிதமாக்கிவிடும் என்று எண்ணுவோர் மெம்பிஸ் நகரை நினைக்க வேண்டும். பெரும்பான்மை என்பது மனச்சான்று அன்று. பத்துப் பேர் சேர்ந்து செய்வதால் பாவம் பத்தில் ஒன்றாகச் சுருங்குவதும் இல்லை.

அப்படியானால் கூடி முடிவெடுப்பதன் பயன்தான் என்ன? நாம் காண்பது இதுவே: அது நம்மை நல்லவராக்குவதில்லை, ஆனால் நாம் ஒளிந்துகொள்ளும் இடத்தை எடுத்துவிடுகிறது. மெம்பிஸ் மூப்பர்கள், ‘அது எங்கள் முடிவன்று’ என்று சொல்ல இயலவில்லை. ஆண்டுப் பொதுப்பேரவை அந்த ஆலயத்தில் கூடுவதாக இருந்தது. 1965இல் அது வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. நாட்டின் கண் அவர்கள் மேல் விழுந்தது. சபைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டில் மூப்பர்களுக்குச் சுழற்சி முறை வந்தது, வாசல் திறந்தது. அதை ஏற்காதவர்கள் பிரிந்து சென்று தனிச் சபை அமைத்தனர். பாவம் தங்களுடையது என்று மறைக்க இடமில்லாத காரணத்தால், மனமாற்றமும் தங்களுடையதாக வேண்டியிருந்தது. டூசானின் துணிவும் மெம்பிஸின் திருந்துதலும் ஒரே வேரிலிருந்து வந்தவை: முடிவுக்கு உரிமையாளர் யார் என்பது தெளிவாக இருந்தது.

இனி நம்மைப் பார்ப்போம். மெம்பிஸ் வாசலில் மாணவர் நின்ற அதே 1964ஆம் ஆண்டின் நவம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபை பற்றிய தன் கொள்கை விளக்கத்தை வெளியிட்டு, திருச்சபையை இறைமக்கள் என்று நமக்குக் காட்டியது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் பங்குப் பேரவைக்கு இடம் தந்தது. ஆயினும் அதன் வாக்கு ஆலோசனை வாக்கே. அந்த ஒழுங்கை மாற்றக் கோருவது நம் நோக்கமன்று. அந்த ஒழுங்குக்குள் நாம் கண்டுபிடித்திருக்கும் மறைவிடமே நம் கவலை. “சாமியார் பார்த்துக்கொள்வார்” என்கிறோம். வாசல் திறந்தால் அது அவர் பெருமை. அடைத்தால் அது அவர் குற்றம். நாமோ இரண்டுக்கும் பார்வையாளர்.

முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவனுக்குப் பொறுப்பும் இல்லையா? நம் ஆலயங்களில் சாதிக்கொரு பக்கம் என்று இருக்கைகள் பிரிந்திருந்த காலம் உண்டு. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பி இறந்தவரைப் பிரித்தோம். அவற்றை எந்தத் திருச்சபைச் சட்டமும் கட்டளையிடவில்லை. மக்களாகிய நாமே, வாக்குச்சீட்டு ஏதுமின்றி, ஒருமனதாக முடிவு செய்தோம். 2003ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேச நேர்ந்ததென்றால், அந்தக் கண்டனம் ஆயர்களின் செவி வழியாக நம்மை நோக்கி வந்ததே. வாசலை அடைக்க நமக்கு அதிகாரம் தேவைப்படவில்லை. திறப்பதற்கு மட்டும் அதிகாரம் இல்லை என்பது எவ்வகை நியாயம்?

ஆலோசனை கேட்கப்படும்போது உண்மையைச் சொல்வதும், கேட்கப்படாதபோதும் பணிவோடு சொல்வதும், சொன்னபின் அதன் சுமையில் தோள் கொடுப்பதும் பொதுநிலையினராகிய நம் கடமைகள். இவற்றுக்கு வாக்குரிமை தேவையில்லை; திருமுழுக்கே போதும். 2004இல், எல்லைப் பாலைவனத்தில் மக்கள் சாவதைத் தடுக்க டூசானில் ஓர் அமைப்புத் தோன்றியபோது, அதைத் தொடங்கியவர்களுள் பிரஸ்பிட்டேரியன் போதகர் ஃபைஃபோடு நம் டூசான் மறைமாவட்ட ஆயர் ஜெரால்டு கிக்கானசும் இருந்தார். யூத ரபி ஒருவரும் இருந்தார். மூவருடைய சபை ஒழுங்கும் வேறு வேறு. தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க அந்த வேறுபாடு தடையாகவில்லை.

மீண்டும் நம் கோவில்பிள்ளையிடம் வருவோம். இந்த வாரம் பங்குப் பேரவை கூடும்போது அவரையும் அழைத்து உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்கலாம்: “இரவில் யாரேனும் கதவைத் தட்டினால் நீர் என்ன செய்வீர்?” அவர் நம் முகங்களைப் பார்ப்பார். அவருக்கு நாம் அன்று கொடுக்கும் மறுமொழியே நம் ஆலயத்தின் உண்மையான வரவேற்பு. முகப்பில் எழுதியிருப்பதை அதன் பிறகு அழிப்பதா, வைத்திருப்பதா என்று தீர்மானிக்கலாம்.