ஈகையும் ஒப்புரவும்

துன்புற்றவர்க்கு உதவுதல் நன்றா என்று எவரும் வினவுவதில்லை. எல்லாச் சமயங்களும் எல்லா அறநூல்களும் அதற்கு ஒரே குரலில் விடை கூறியுள்ளன. எந்த மனத்தோடு உதவுவது, எம்முறையில் உதவுவது என்பனவே கடினமான வினாக்கள். உதவி பெற்றவர் தலைகுனிந்து நிற்க நேருமாயின் அவ்வுதவியில் எங்கோ ஒரு குறை உண்டு. அக்குறை எங்கே பிறக்கிறது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளுவர் பிறர்க்கு உதவுதலைப் பற்றி இல்லறவியலில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். இருபத்திரண்டாவது ஒப்புரவறிதல், இருபத்து மூன்றாவது ஈகை. இரண்டும் ஒன்றேயெனின் ஒன்றே போதுமன்றோ? ஈகை என்பது வறியவர்க்குக் கொடுப்பது. அங்கே கொடுப்பவன் ஒருவன், பெறுபவன் ஒருவன். ஒரு கை மேலே, ஒரு கை கீழே. ஒப்புரவோ ஊரோடு கூடி வாழ்பவன், இது தன் கடன் என்று உணர்ந்து செய்வது. அவ்வதிகாரத்தில் வள்ளுவர் காட்டும் உவமைகளை மாணவர் அறிவர்: மழை, ஊரார் நீருண்ணும் குளம், ஊர் நடுவே பழுத்த மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். குளம் எவர்க்கும் தண்ணீர் வழங்கியதாகப் பெருமை பேசுவதில்லை. தண்ணீர் மொண்டவரும் குளத்தின் முன் கைகட்டி நிற்பதில்லை.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்க்கு இவ்வேறுபாடு புதிதன்று. திருமண வீட்டில் மொய் எழுதுகிறோம். யார் எவ்வளவு என்பது ஏட்டில் ஏறும். நாளை அது திரும்பி வரும். அது தவறன்று, அது ஒரு கொடுக்கல் வாங்கல். ஆனால் லயத்தில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், அடுப்பு மூட்டாத அவ்வீட்டுக்கு அண்டை வீட்டார் சோறு ஆக்கிக் கொண்டு செல்வர். அச்சோற்றுக்கு எவரும் கணக்கு எழுதுவதில்லை. மலாய் அண்டையர் கோத்தோங் ரோயோங் என்று கூறுவதும் இம்மனத்தையே. ஒரு லயத்துக்குள் இயல்பாய் நிகழும் இவ்வறம், நாடு கடந்து, மொழி கடந்து, முகமறியா மாந்தர்க்கு உதவும்போதும் நிலைபெறுமா? நம் காலத்துப் பேரிடர் ஒன்றின் துணைகொண்டு இதனைக் காண்போம்.

ஒரே கடல்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமத்திராவின் வடபகுதிக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. எழுந்த ஆழிப்பேரலை பதினான்கு நாடுகளில் ஏறத்தாழ 230,000 உயிர்களைக் கொண்டது. ஆச்சே மாநிலமே மிகப் பெரும் இழப்பை அடைந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். தமிழ்நாட்டில் மாண்டோர் ஏறத்தாழ 8,000. அவர்களுள் ஏறத்தாழ 6,000 பேர் நாகப்பட்டின மாவட்டத்தார். மலேசியாவுக்குச் சுமத்திராவே அரணாக நின்றமையால் இங்கு இழப்பு குறைவு. எனினும் 68 பேர் மாண்டனர். சுங்கை பட்டாணிக்கு மேற்கே உள்ள கோத்தா கோலமூடாவில் மீனவர் வீடுகளும் படகுகளும் சிதைந்தன. சிதைந்த அப்படகுகளே இன்று அங்கு நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டுள்ளன.

கோத்தா கோலமூடாவையும் நாகப்பட்டினத்தையும் அன்று இணைத்தது துயரம். ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அவற்றை இணைத்தது நட்பு. கெடாவே பழைய கடாரம் என்பர் ஆய்வாளர். கடாரத்து மன்னன் மாறவிசயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை அமைத்தான். அதற்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரை வழங்கினான். லெய்டன் செப்பேடு இதனைக் கூறும். கப்பலும் வணிகமும் சமயமும் கடந்த அதே நீர்வழியில்தான் அலையும் சென்றது. ஆகவே நாகையின் துயரை அயலார் துயர் என்று கெடாவில் வாழும் நாம் கூறுதல் பொருந்தாது. ஆச்சேயின் துயரும் அத்தகையதே. ஒரு கடலைச் சூழ்ந்து வாழ்வோர் ஒரு லயத்தாரைப் போன்றவர்.

அள்ளிக் கொடுத்த உலகம்

அவ்வாண்டு உலகம் கைசுருக்கவில்லை. நிவாரணப் பணிகளை ஆராய்ந்த பன்னாட்டுக் கூட்டமைப்பு 2006இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பாதிக்கப்பட்ட நாடுகளுக்கு வந்த உதவி ஏறத்தாழ 1,350 கோடி அமெரிக்க டாலர். அதில் ஏறத்தாழ 550 கோடி டாலர் பொதுமக்கள் தாமே முன்வந்து கொடுத்தது. மனித நேயத்தின் உயர்வுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

ஆயினும் அவ்வறிக்கையே மற்றொரு கணக்கையும் நம் முன் வைக்கிறது. ஆழிப்பேரலையால் பாதிக்கப்பட்ட ஒருவர்க்கு 7,100 டாலருக்கு மேல் உதவி கிடைத்தது. அதே 2004இல் வங்காளதேசத்தில் பெருவெள்ளம் கோடிக்கணக்கானோரின் வாழ்வைக் குலைத்தது. அவர்களில் ஒருவர்க்குக் கிடைத்தது மூன்று டாலர். வெள்ளத்தில் வீடிழந்தவன் பசி சிறியதா? இல்லை. ஆழிப்பேரலை தொலைக்காட்சியில் தெரிந்தது. வெள்ளம் மெல்ல வந்து மெல்ல வடிந்தது. நம் இரக்கம் தேவையை அளந்து செல்லவில்லை. காட்சியை அளந்து சென்றது. குளமாய் இருந்திருந்தால் வந்தவர் அனைவர்க்கும் தண்ணீர் கிடைத்திருக்கும்.

இந்நிலையில் ஒரு செயல் நம் வணக்கத்துக்கு உரியது. எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் அமைப்பு, அலை வீசிய சில நாள்களிலேயே, தன் ஆழிப்பேரலைப் பணிக்குத் தேவையான பணம் வந்துவிட்டது, இனி இதற்கென்று அனுப்ப வேண்டா என வெளிப்படையாக அறிவித்தது. வந்த பணத்தைப் பிற இடர்களுக்குப் பயன்படுத்தக் கொடுத்தவர்களிடம் ஒப்புதலும் கேட்டது. குவியும் பணத்தைப் போதும் என்று சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! தேவையைக் கண்ணில் வைத்து, தன் பெயரை மறந்தவர்க்கே அத்துணிவு வாய்க்கும்.

படகும் கழிவறையும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். பெயருக்காகக் கொடுத்தாலும் பசித்தவன் வயிறு நிறைகிறதன்றோ? கொடுப்பவன் மனத்தை ஆராய்வதால் யார்க்கு என்ன பயன்? மறுத்துவிட முடியாத வினா இது. பசித்தவன் சோற்றை உண்கிறான். அது எந்த மனத்திலிருந்து வந்தது என்று பார்ப்பதில்லை.

ஆயினும் கொடுப்பவன் மனம், கொடுக்கும் பொருளையே மாற்றிவிடுகிறது. பெயர் விளங்க வேண்டும் என்று எண்ணுபவன், பெயர் எழுதத்தக்க பொருளையே தேடுவான். படகின் பக்கத்தில் பெயர் எழுதலாம். அதனைப் படம் பிடிக்கலாம். கழிவறைக் கதவில் பெயர் எழுத யார் விரும்புவர்? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் படகுகள் குவிந்தன. பல கரைகளில் அலைக்கு முன் இருந்தவற்றினும் மிகுதியான படகுகள் நின்றன. கட்டுமரம் செலுத்திய கைகளுக்குக் கண்ணாடியிழைப் படகும் இயந்திரமும் வந்தன. எரிபொருள் செலவும் உடன் வந்தது. மீனோ மிகவில்லை. அதே வேளையில் வீடிழந்தோர் தார்த்தாள் வேய்ந்த கொட்டகைகளில் நண்பகல் வெயிலில் வெந்தனர். உலகெங்கிலுமிருந்து வந்த பழந்துணிகள் நாகை, கடலூர்ச் சாலையோரங்களில் கேட்பாரற்றுக் குவிந்தன. தான் உடுத்தத் தயங்கும் துணியைப் பிறர்க்கு அனுப்புபவன், தன் வீட்டைத் தூய்மை செய்கிறான். அதனை அறம் என்பது பொருந்துமா?

மற்றொரு குறை இன்னும் ஆழமானது. மீனவர் பஞ்சாயத்துகளின் வழியே நிவாரணம் சென்ற சில ஊர்களில், கரையோரத்தில் கூலிவேலை செய்து பிழைத்த தலித் மக்களும் இருளர்களும் பட்டியலில் விடுபட்டனர். மனித உரிமை அமைப்புகள் இதனை அப்போதே பதிவு செய்தன. அலை சாதி பார்க்கவில்லை. அரிசி மூட்டை பார்த்தது. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பது பழமொழி. பேரிடர்க் காலத்தில் தேவை ஒன்றே பாத்திரம். சாதியும் சமயமும் நாடும் ஆங்கே பாத்திரம் ஆகா.

கேட்டறிந்து கொடுத்தல்

குறைகளை மட்டும் கூறி முடித்தல் நேர்மையன்று. நாகப்பட்டினத்தில் நூற்றுக்கணக்கான தொண்டு அமைப்புகள் வந்திறங்கியபோது, ஒரே ஊருக்கு மூவர் சென்று, மூன்று ஊர்களுக்கு எவரும் செல்லாத நிலை தோன்றியது. அதனைச் சீர்செய்ய, சில நாள்களிலேயே மாவட்ட நிருவாகத்தோடு இணைந்து தொண்டு அமைப்புகளின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்று நாகையில் எழுந்தது. எந்த ஊரில் என்ன குறை, யார் செய்கிறார், யார் செய்யவில்லை என்பதை அது தொகுத்து வைத்தது. இதில் கண்ணைக் கவரும் காட்சி எதுவுமில்லை; பட்டியல், கூட்டம், தொலைபேசி, நோட்டுப் புத்தகம் ஆகியவையே. ஆயினும் ஒப்புரவின் உண்மை உருவம் இதுவே என்பேன். கொடுக்குமுன் கேட்டல், கேட்டதைக் குறித்தல், குறித்ததைப் பகிர்தல்.

உலக அளவிலும் இக்கருத்து வளர்ந்தே வருகிறது. 1994இல் ருவாண்டாப் படுகொலையை அடுத்து அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கானோர் நோயால் மாண்டனர். அத்துயரிலிருந்து கற்ற தொண்டு அமைப்புகள் 1997இல் ஸ்பியர் திட்டத்தைத் தொடங்கிக் குறைந்த அளவு நெறிகளை வகுத்தன. ஒருவர்க்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், தங்குமிடத்தில் 3.5 சதுர மீட்டர் இடம் என்பன அவற்றுள் சில. இவ்வெண்களுக்குள் பெரியதோர் அறம் உள்ளது. இடருற்றவன் பெறும் தண்ணீர் கொடுப்பவன் கருணையைப் பொறுத்ததன்று. அது மானத்தோடு வாழ்வதற்கு அவனுக்குள்ள உரிமை என்பதே அவ்வறம்.

தனக்கு மிஞ்சியதா?

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று கூறுவோர் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீடிழந்த நம்மவர் பலர் இருக்க, தொலைநாட்டார்க்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்போரின் வேதனை உண்மையானது. அதனை எள்ளுதல் கூடாது. ஆனால் வளம் குன்றிய காலத்தும் ஒப்புரவில் தளராமையை வள்ளுவர் அதே அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். தமிழ்நாட்டிலும் அந்தமானிலும் தன் மக்கள் மாண்டுகொண்டிருந்தபோதே இந்தியா இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் கடற்படைக் கப்பல்களை அனுப்பியது. தன் காயத்தைக் கட்டிக்கொண்டே அண்டை வீட்டான் காயத்தையும் கட்டலாம்.

அதே இந்தியா, அயல்நாட்டு அரசுகளின் உதவி அப்போது தனக்கு வேண்டா என்றது. இதனை வீண் பெருமை என்றவரும் உளர். தன்மானம் என்றவரும் உளர். பெறுபவர்க்கும் ஒரு மானம் உண்டு என்பதை உலகுக்கு அது நினைவூட்டியது என்ற அளவில் நான் அதனைப் போற்றுவேன். ஆனால் மானத்தின் விலையை முகாமில் உள்ள குழந்தை கொடுக்க நேரிடின் அது மானமாகாது.

பகைவர்க்கிடையிலும் ஒப்புரவு வழிகாணும். 2001 சனவரி 26இல் குசராத்து நிலநடுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டபோது பாகிஸ்தான் விமானத்தில் நிவாரணப் பொருள் அனுப்பியது. 2005 அக்டோபர் 8இல் காசுமீரம் நடுங்கியபோது இந்தியா பாகிஸ்தானுக்கு அனுப்பியது. எல்லைக் கோட்டில் ஐந்து இடங்களில் வழியும் திறக்கப்பட்டது. ஆழிப்பேரலை கண்ட ஆச்சேயில் 2005 ஆகஸ்டு 15இல் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. இலங்கையிலோ நிவாரணத்தைக் கூட்டாகப் பங்கிட 2005 சூனில் அரசும் விடுதலைப் புலிகளும் ஒப்பமிட்ட ஏற்பாட்டின் முதன்மைப் பகுதிகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இடைநிறுத்தியது. ஒரே அலைதான், ஓரிடத்தில் கதவைத் திறந்தது, ஓரிடத்தில் கதவு மூடியே கிடந்தது. அலைக்கு அறம் இல்லை. அறம் மனிதர் கையில் உள்ளது.

ஆசிரியர் கடமை

2015இல் நேப்பாளம், 2023இல் துருக்கியும் சிரியாவும், 2025இல் மியன்மார் என நிலம் நடுங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் நம் பள்ளிகளில் உண்டியல் சுற்றி வரும். அப்போது ஆசிரியர் சிலவற்றை எண்ணிப் பார்த்தல் நலம். அதிகம் கொடுத்த மாணவன் பெயரைச் சபையில் படித்தால், கொடுக்க இயலாத பால்மரத் தொழிலாளியின் மகன் தலைகுனிவான். உதவி என்பது உயர்ந்தோர் செயல் என்று அவன் நெஞ்சில் பதியும். அங்குள்ளோர்க்கு என்ன தேவை என்று மாணவரே தேடிக் கண்டறியட்டும். ஓராண்டு கழித்து, செய்தித்தாள்கள் மறந்த பின்னர், அவ்வூர் எவ்வாறு உள்ளது என்று மீண்டும் கேட்கட்டும்.

நம்மவர் வரலாற்றிலேயே இதற்குப் பாடம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்க்காக இரந்து நிற்கவில்லை. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளரையே சேர்க்கச் செய்தார். அச்சங்கம் முதலில் வாங்கியது நம் கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம். இரக்கத்துக்குரியவர் என்று உலகம் எண்ணியவர்கள் பங்குதாரர் ஆயினர்.

இடருற்ற எவரையும் அவ்வாறே காண்போமாக. இன்று கையேந்தி நிற்பவன், நேற்று வலை வீசி ஊருக்கு மீன் கொடுத்தவன், நாளையும் கொடுப்பவன். இடைப்பட்ட சில நாள்களில் அவன் அடுப்பு எரிய நாம் விறகு கொண்டு செல்கிறோம். அவ்வளவே நம் பணி. அதனை மாணவர் உள்ளத்தில் பதியச் செய்தல் தமிழாசிரியர் நம் அனைவரின் கடன்.