சொல்லுக்கு ஜாமீன்

புதுச்சேரியில் ஒரு பட்டிமன்றம். வாலியை ராமன் மறைந்து நின்று கொன்றது சரியா, தப்பா என்கிற பழைய சண்டைதான். 'சரி' என்று பேச வந்தவர் ஊர் ஊராகப் போய்ப் பேசுகிற ஆள். இருபது நிமிடம். அரங்கத்தைச் சிரிக்க வைத்தார். கடைசி மூன்று நிமிடம் அழவும் வைத்தார். எனக்கே, 'வாலி செத்தது நியாயம்தான்யா' என்று தோன்றிவிட்டது.

முடிந்து வெளியே வந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஒரு கல்லூரிப் பெண், கையில் நோட்டோடு அவரிடம் வந்தாள்.

"சார், போன வருஷம் விழுப்புரத்துல இதே தலைப்புல நீங்க 'தப்பு'ன்னு பேசினீங்க. அன்னிக்கும் இதே மாதிரி அழுதேன் சார்."

"அப்படியாம்மா? ரொம்ப சந்தோஷம்."

"நெஜமா நீங்க எந்தப் பக்கம் சார்?"

"நடுவர் எந்தப் பக்கம் உக்காரச் சொல்றாரோ, அந்தப் பக்கம்மா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தோம். நானும்தான். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையெழுத்து வாங்கத்தான் வந்திருப்பாள் போல. நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று ராத்திரி கடற்கரைச் சாலையில் நடந்து வீடு திரும்பும்போது அவள் முகம்தான் கூடவே வந்தது. ஏமாந்த முகம். அவள் கேட்ட கேள்விக்கு இரண்டாயிரம் வயசுக்கு மேல் ஆகிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

கி.மு. 155-ல் ஏதென்ஸ் நகரத்துக்கு ரோம் ஒரு பெரிய அபராதம் போட்டிருந்தது. குறைக்கச் சொல்லிக் கேட்க, ஏதென்ஸ் மூன்று தத்துவவாதிகளைத் தூது அனுப்பியது. (காரியம் ஆக வேண்டுமென்றால் தத்துவவாதிகளை அனுப்புகிற ஊர் அது. நாமாக இருந்தால் ஒரு எம்.எல்.ஏ.வைப் பிடித்திருப்போம்.) அதில் ஒருவர் கார்னியாடஸ். அவர் பேச்சைக் கேட்க ரோமாபுரி இளைஞர்கள் முண்டியடித்தார்கள். ஒரு நாள், நீதியைப் போல உயர்ந்தது எதுவுமில்லை என்று பேசினார். மறுநாள், நீதி என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் மனிதர்கள் தங்கள் சௌகரியத்துக்குச் செய்துகொண்ட ஏற்பாடு என்று, முந்தின நாள் தான் கட்டியதைத் தானே இடித்துத் தள்ளினாராம். இரண்டு நாளும் கைதட்டல். கேட்டோ என்கிற கிழவருக்கு மட்டும் வயிற்றைக் கலக்கியது. இந்த ஆட்கள் வந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்து ஊருக்கு அனுப்புங்கள், நம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சபையில் வற்புறுத்தினார். பேச்சாளன் என்றால் முதலில் நல்லவனாக இருக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பேச்சுத் திறமை என்பது அவருடைய கட்சி.

நம் வள்ளுவர் இந்த விஷயத்தில் சாமர்த்தியசாலி. 'வாய்மை'யை அறத்துப்பாலில் துறவியின் குணங்களோடு வைத்தார். 'சொல்வன்மை'யைத் தூக்கிப் பொருட்பாலில், அமைச்சனுக்கு வேண்டிய தகுதிகளோடு வைத்துவிட்டார். உண்மை ஒரு வீடு, பேச்சுத் திறமை வேறு வீடு. ஆனால் சொல்வன்மைக்கு அடுத்த அதிகாரம் எது தெரியுமா? வினைத்தூய்மை. வரிசை வள்ளுவர் வைத்ததா, உரைகாரர் வைத்ததா என்கிற சண்டை புலவர்களுக்கு இருக்கட்டும். யார் வைத்திருந்தாலும் காரணமாகத்தான் வைத்திருப்பார்கள்.

அப்படியானால் இரண்டு பக்கமும் பேசுகிற பட்டிமன்றக்காரர் பொய்யரா? அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே தொழிலைத்தானே வக்கீல்கள் செய்கிறார்கள்? 1873-ல் இந்தப் புதுச்சேரியில் நடந்த ஒரு விஷயம். பொன்னுத்தம்பி பிள்ளை என்ற தமிழ் வக்கீல், வெள்ளைக்காரர்களைப் போலக் காலில் ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார். தமிழன் ஷூவோடு நின்று வாதாடக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். வாயில் சட்டம் இருக்கிறது, பிரெஞ்சு இருக்கிறது. பேச விடாததற்குக் காரணம், கால்! மனிதர் விடவில்லை. பாரீஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயித்தார். அங்கே அவருக்காக வாதாடியவர் ழூல் கோதேன் என்கிற பிரெஞ்சுக்காரர். வெறுங்காலோடு நில் என்று கோதேனை யாரும் எந்தக் காலத்திலும் சொல்லியிருக்கப் போவதில்லை. தனக்கு வராத வலியைத் தன் வலி மாதிரி எடுத்துப் பேசுவது பொய்யா? அந்தக் கலை இல்லையென்றால் வாயில்லாதவன் கதி என்ன?

அதோடு, கோர்ட்டில் எதிர்த்தரப்பு எதிரிலேயே நிற்கிறது. மேலே நீதிபதி உட்கார்ந்திருக்கிறார். பட்டிமன்றத்திலும் அப்படித்தான். விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். வாலிக்கு இனிமேல் ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

வம்பெல்லாம் நடுவர் இல்லாத மேடையில்தான். ஒருவன் பேச, ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு கேட்கிற மேடை. தமிழில் அது அப்படியொன்றும் பழசு இல்லை. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணை சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். மெதடிஸ்ட் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பாதிரிமார் பேசுகிற முறையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் அவர். கோயிலிலிருந்து அது அரசியலுக்கு வர அறுபது வருஷம் ஆயிற்று. வந்தபோது வெடி மாதிரி வந்தது.

1908 பிப்ரவரி, தூத்துக்குடி. சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் சாயங்காலக் கூட்டங்களில் பேசுகிறார்கள். கோரல் மில் தொழிலாளிகள் கேட்கிறார்கள். 27-ஆம் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைக்குப் போகவில்லை. சில நாளில் கூலி உயர்வோடு வேலைநிறுத்தம் முடிந்தது. பேச்சு சோறு போட்டது. மார்ச் 12-ல் இருவரையும் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் சுட்டதில் நாலு பேர் செத்தார்கள். பேச்சு உயிரும் எடுத்தது.

செத்த நாலு பேரும் மேடையில் இருந்தவர்கள் இல்லை.

ஆனால் மேடையில் இருந்தவர்கள் தப்பித்துக்கொள்ளவும் இல்லை. வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து வருஷம். மேல்முறையீட்டில் குறைந்தது, இருவரும் 1912-ல் வெளியே வந்தார்கள். வ.உ.சி. செக்கிழுத்தார். சிவா ஜெயிலிலிருந்து தொழுநோயோடு வந்தார். ரயிலில் ஏறத் தடை. 1925-ல் பாப்பாரப்பட்டியில் கண்ணை மூடும்வரை கால்நடையாகவும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போனார். போய் என்ன செய்தார்? பேசினார்.

பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் டெமாஸ்தனிஸ் கதை சொல்வார்கள். வாயில் கூழாங்கல் போட்டுக்கொண்டு பேசிப் பேசித் திக்குவாயைச் சரிசெய்தவர். மீதிக் கதையைச் சொல்ல மாட்டார்கள். மாசிடோனியாவின் பிலிப்பை எதிர்க்க வேண்டுமென்று பேசியே ஏதென்ஸைப் போருக்குக் கிளப்பியவர் அவர். கி.மு. 338-ல் போர்க்களத்துக்கும் போனார். அங்கே கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் என்று எதிரிகள் காலமெல்லாம் குத்திக் காட்டினார்கள். வேடிக்கை என்னவென்றால், செத்தவர்களுக்கு அஞ்சலி உரை ஆற்றவும் ஊர் அவரைத்தான் கூப்பிட்டது. பதினாறு வருஷம் கழித்து மாசிடோனியர்கள் துரத்தி வந்தபோது விஷம் குடித்தார். கணக்கு நேரானதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதி இருந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இன்னொருவர் ஞாபகம் வரும். 1908-ல் 'இந்தியா' பத்திரிகை மீது வழக்கு வந்தது. எழுதியது பாரதி. சட்டப்படி ஆசிரியராகப் பெயர் கொடுத்திருந்தவர் எம். சீனிவாசன். நண்பர்கள் சொல்லி பாரதி புதுச்சேரிக்கு வந்துவிட்டார். சீனிவாசன் சிறைக்குப் போனார். மேடைப் பேச்சில்லை, எழுத்துதான், கேள்வி ஒன்றுதான். பாரதியைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. பத்து வருஷம் வறுமையிலும் ஒற்றர்களின் கண்காணிப்பிலும் இங்கே கிடந்தார். 1918-ல் எல்லை தாண்டியதுமே கடலூரில் பிடித்து உள்ளே வைத்தார்கள். அவர் அன்றைக்கே பிடிபட்டிருந்தால் நமக்குக் கிடைத்த பல பாட்டு கிடைத்திருக்காது. எல்லாம் சரி. சீனிவாசன் பெயரில் ஒரு தெரு இருந்து நான் பார்த்ததில்லை.

தண்டனை அனுபவித்துவிட்டதால் சொன்னது உண்மையாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தப்பான காரியத்துக்கு உயிரைக் கொடுத்தவர்களும் உலகத்தில் நிறைய. ஆனால் கேட்பவனுக்கு ஒன்றைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. ஐயா, நீங்கள் சொல்வதை நம்பி நான் இறங்குகிறேன். அது தப்பாகப் போனால், மறுநாள் காலையில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? என் பக்கத்திலா, காரிலா?

இதை என்னிடமே யாராவது கேட்டிருக்கலாம்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயசு. ஒரு ஆலையில் ஸ்ட்ரைக். நான் அங்கே வேலை செய்தவன் இல்லை. தம்பி நன்றாகப் பேசும் என்று கேட் மீட்டிங்குக்குக் கூட்டிப்போனார்கள். நிர்வாகம், கேட்டதில் பாதி தருகிறேன் என்று இறங்கி வந்திருந்த நேரம். நிறையப் பேருக்கு அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம் என்றிருந்தது. நான் சிவா கதையைச் சொன்னேன். நோயோடு அவர் நடந்ததைச் சொன்னேன். 'பாதிக்கா இத்தனை நாள் பட்டினி கிடந்தோம்?' என்று கேட்டேன். 'கிடந்தோம்' என்றுதான் சொன்னேன். நான் அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர் முதல் ஆளாகக் கையைத் தூக்கினார். அப்புறம் எல்லாக் கையும் தூக்கின.

அடுத்த மாதம் சென்னையில் எனக்கு வேலை கிடைத்துப் போய்விட்டேன். ஸ்ட்ரைக் இன்னும் மூன்று மாதம் இழுத்து, பாதியும் கிடைக்காமல் முடிந்தது. சில பேரைத் திரும்பச் சேர்க்கவே இல்லை. முதலில் கை தூக்கியவரும் அதில் ஒருவர்.

பல வருஷம் கழித்து நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். தரையில் சாக்கு விரித்து, கீரையும் பச்சைமிளகாயும் வைத்திருந்தார். அவர்தான் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"தம்பி... நீங்க கேட்ல பேசுனவருதானே?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

"என்னா பேச்சு தம்பி அது! ரயில்ல ஏத்த மாட்டேன்னுட்டான், நடந்தே போனாருன்னு சொன்னீங்களே ஒருத்தர் கதை... எம் பொண்ணுக்கு அதைத்தான் சொல்லுவேன். இப்ப எங்கியாச்சும் பேசுறீங்களா?"

இல்லை என்றேன். இரண்டு கட்டு முளைக்கீரை கேட்டேன். மேலே ஒரு கைப்பிடி மிளகாயை அள்ளிப் பையில் போட்டார். எவ்வளவு சொல்லியும் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.